தாத்தாவின் வால்வு ரேடியோ: பிளக்கில் செருகும் முன் ஒரு நிமிடம்!

பரணில் கிடக்கும் பழைய மரப்பெட்டி பாடுமா, புகையுமா? வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ, பழைய வீட்டைக் காலி செய்யும்போதோதான் அது பரணில் இருந்து கீழே இறங்கும். ஓட்டை விழுந்த அண்டா, கால் உடைந்த நாற்காலி இவற்றுக்கு நடுவே தூசி படிந்த ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் மங்கிப்போன துணி. அதன் கீழே எண்கள் எழுதிய கண்ணாடி. திருகுவதற்கு இரண்டோ நான்கோ குமிழ்கள். தூக்கினால் ஒரு குழந்தையின் கனம்.

"பாட்டி, இது பாடுமா?" என்று பேரன் கேட்பான்.

"ஏன் பாடாது? உங்க தாத்தா ராத்திரி இதுல பாட்டு கேட்டுட்டுத்தான் தூங்குவார்" என்பார் பாட்டி.

அடுத்து என்ன நடக்கும்? பேரன் ஒரு துணியால் தூசியைத் தட்டிவிட்டு, ஒயரைப் பிரித்து, நேராகச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகுவான். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். அதன் பின்னால் கருகிய வாசனை.

முப்பது, நாற்பது வருடங்கள் பரணில் கிடந்தும் கெடாமல் இருந்த ரேடியோ, அந்த அரை நிமிடத்தில் செத்துப்போகும். பழைய ரேடியோ சேகரிப்பவர்கள் வருத்தத்தோடு சொல்வது இதைத்தான். கரையானும் எலியும் கொன்ற ரேடியோக்கள் ஒரு பங்கு என்றால், ஆசையாகப் பிளக்கில் செருகியவர்கள் கொன்றவை இன்னொரு பங்கு.

வால்வு என்றால் என்ன?

இன்றைய போனுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை செய்யும் வேலையின் ஆதி வடிவம்தான் வால்வு. பார்ப்பதற்குச் சின்ன பல்பு மாதிரி இருக்கும். உள்ளே காற்றே இருக்காது. நடுவில் ஒரு மெல்லிய கம்பி சூடாகி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்தச் சூட்டில் அதைச் சுற்றியுள்ள உலோகக் குழாயிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே இருக்கும் தகட்டை நோக்கி ஓடும்.

1904-ல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இதை உருவாக்கினார். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் போக விடும் வால்வு போல, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் ஓடவிட்டதால் அந்தப் பெயர். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், நடுவே வலை மாதிரி ஒரு கம்பியைச் சேர்த்தார். அந்த வலையில் மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தாலே பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வானத்தில் இருந்து வரும் மெல்லிய அலையை, கூடம் முழுக்கக் கேட்கும் பாட்டாக மாற்றியது அந்தச் சின்ன வலைதான்.

வால்வு சூடாக இருபது, முப்பது நொடிகள் ஆகும். அதனால்தான் பழைய ரேடியோவைப் போட்டதும் உடனே பாடாது. முதலில் டயல் விளக்கு எரியும். பிறகு மெதுவாக, எங்கோ தூரத்தில் இருந்து நடந்து வருவது போலக் குரல் வரும். அந்தக் காத்திருப்பே ஒரு சுகம் என்பார்கள் ரேடியோ பிரியர்கள்.

ஐந்து பேர் செய்யும் வேலை

நம் ஊர் வீடுகளில் இருந்த ரேடியோக்களில் பெரும்பாலும் ஐந்து வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

முதல் வால்வு, தேவையான நிலையத்தின் அலையை வாங்கி, ரேடியோ தானே உருவாக்கும் இன்னோர் அலையோடு கலக்கும். உதாரணமாக, சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைத் திருப்பினால், உள்ளே 1175 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை உருவாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455. எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் அந்த வித்தியாசம் மாறாது. அதனால் அடுத்த வால்வு 455-ஐ மட்டும் பிடித்துப் பெரிதாக்கினால் போதும். முதல் உலகப் போர் முடிந்த 1918-ல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் செய்த இந்த 'சூப்பர்ஹெட்' ஏற்பாட்டை, பிறகு வந்த கோடிக்கணக்கான ரேடியோக்களும் பின்பற்றின.

மூன்றாவது வால்வு அலையில் இருந்து குரலைப் பிரிக்கும். நான்காவது அதை ஸ்பீக்கருக்குத் தேவையான பலத்துக்குக் கொண்டுவரும். ஐந்தாவது, வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி-யாக மாற்றி மற்ற நால்வருக்கும் சாப்பாடு போடும்.

வசதியான வீட்டு ரேடியோவில் ஆறாவதாக ஒன்று இருக்கும். 'மேஜிக் ஐ'. முன்பக்கம் பச்சையாக ஒளிரும் கண். நிலையம் சரியாகக் கிடைக்கும்போது பச்சை ஒளியின் இரு ஓரங்களும் நெருங்கி வந்து ஒட்டும். அந்தக் காலக் குழந்தைகள் ரேடியோவுக்குள் பூனை உட்கார்ந்திருப்பதாக நினைத்திருந்தால் அவர்கள் மீது தப்பில்லை.

ரேடியோவுக்கு லைசென்ஸ்!

இந்த மரப்பெட்டிக்கும் தமிழர்களுக்கும் உறவு கொஞ்ச நஞ்சமல்ல. 1924-லேயே சென்னையில் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-ல் சென்னை மாநகராட்சியே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் வந்தன.

வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால், 1980-கள் வரை அதுதான் நிலைமை. தபால் நிலையத்தில் சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்று பழைய ரேடியோவோடு அந்த லைசென்ஸ் புத்தகமும் சேர்ந்து கிடைத்தால் சேகரிப்பாளருக்கு யோகம்தான். எந்த மாடல், எந்த ஊர், யார் பெயரில் என்று அந்த ரேடியோவின் ஜாதகமே அதில் இருக்கும்.

மர்பி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ, எச்.எம்.வி. என்று அன்று கொடிகட்டிப் பறந்த பெயர்கள் பல. மர்பி விளம்பரத்தில் வந்த குழந்தையின் முகத்தை இன்றும் மறக்காதவர்கள் உண்டு. எல்லோராலும் வாங்க முடியாது என்பதால், ஊர்ப் பூங்காவிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒலிபெருக்கியோடு பொது ரேடியோ இருந்தது. சாயங்காலமானால் அதன் கீழே ஊரே கூடும்.

1952-ல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஓரங்கட்டியது. நேயர்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டுக் கூடங்களில் உட்கார்ந்துகொண்டது. மயில்வாகனன், பின்னால் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று இலங்கை அறிவிப்பாளர்களின் பெயர்கள் நம் வீட்டுப் பெயர்கள் ஆயின. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் டெல்லி அதற்குப் பதில் சொன்னது.

அந்தக் குரல்களை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தது இன்று பரணில் கிடக்கும் இதே பெட்டிதான். 1947-ல் அமெரிக்காவில் பிறந்த டிரான்சிஸ்டர், 1960-களில் நம் ஊர்க் கைகளுக்குள்ளும் வந்தது. கரன்ட் வேண்டாம், ஏரியல் வேண்டாம், வயலுக்கே எடுத்துப்போகலாம். வால்வு ரேடியோ மெல்ல மெல்லக் கூடத்தில் இருந்து பரணுக்கு ஏறியது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகள், மும்பை சோர் பஜார், ஆன்லைன் விற்பனைத் தளங்கள் என்று பழைய ரேடியோக்கள் கிடைக்கும் இடங்கள் பல. பெட்டி பளபளவென்று இருக்கிறது என்பதற்காக மட்டும் காசு கொடுத்துவிடக் கூடாது. பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

• முதலில், உள்ளே நிஜமாகவே ரேடியோ இருக்கிறதா? குடலை உருவி எறிந்துவிட்டு புளூடூத் போர்டைப் பொருத்தி, 'வேலை செய்யும் ஆன்டிக் ரேடியோ' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

• டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா? வால்வு கிடைக்கும், கண்டன்சர் கிடைக்கும். அதே மாடலின் கண்ணாடி கிடைப்பது குதிரைக்கொம்பு. குமிழ்களுக்கும் இதே கதைதான்.

• வால்வின் கண்ணாடிக்கு உள்ளே, பெரும்பாலும் உச்சியில், வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு இருக்கும். அது அப்படியே இருந்தால் உள்ளே காற்று புகவில்லை. பால் போல வெளுத்திருந்தால் அந்த வால்வு போய்விட்டது.

• டிரான்ஸ்பார்மரில் கருகிய வாசனை வருகிறதா? வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். காயில் சுற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றாலும் அது தனிச் செலவு.

• மரத்தைத் தட்டிப் பாருங்கள். உளுத்த மரத்தின் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் எழுத்தில் இருக்கிறது உயிர்

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். போனின் டார்ச்சை அடித்து வால்வின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிலிப்ஸ் முதலிய ஐரோப்பிய வகை வால்வுகளின் முதல் எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

'இ' என்று தொடங்கினால், அதாவது இசிஹெச் 81, இஎல் 84 என்ற வகையில் இருந்தால், வால்வைச் சூடாக்க 6.3 வோல்ட் போதும். இவை பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உள்ள ரேடியோக்கள். ஓரளவு பாதுகாப்பானவை. ஓரளவுதான்!

'யு' என்று தொடங்கினால், உதாரணமாக யுசிஹெச் 81, யுஎல் 84, உஷார். இவை ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டின் ஒரு முனை நேராக உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கம் செருகினால் சட்டம் நியூட்ரல். திருப்பிச் செருகினால் அதே சட்டம் ஃபேஸ். குமிழ் கழன்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் குமிழ் இல்லாத, பின்பக்க அட்டை இல்லாத இந்த வகை ரேடியோவுக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது.

'டி' என்று தொடங்கினால், அது மின்சாரம் எட்டாத கிராமத்துக்காக வந்த பேட்டரி ரேடியோ. டிகே 96 போன்ற இந்த வால்வுகளைச் சூடாக்க ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும். தகட்டுக்கு 90 வோல்ட் அளவில் தனி பேட்டரி இருந்தது. விவரம் தெரியாமல் இதைச் சுவர் பிளக்கோடு இணைத்தால் எல்லா வால்வும் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும்.

தூங்கியவரை எழுப்பும் முறை

நாற்பது வருடம் தூங்கிய ரேடியோவை ஏன் நேராகச் செருகக் கூடாது? காரணம், கண்டன்சர்கள்.

பழைய ரேடியோவில் இரண்டு வகை கண்டன்சர்கள் ஆபத்தானவை. ஒன்று, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்து போயிருக்கும். 'ம்ம்ம்' என்ற உறுமல் அதனால்தான். அது அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகும், சில சமயம் வெடிக்கும். கூடவே டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று, மெழுகு பூசிய காகித கண்டன்சர். குரலை மட்டும் கடைசிப் பெரிய வால்வுக்கு அனுப்பிவிட்டு, டி.சி. மின்சாரத்தைத் தடுப்பது இதன் வேலை. பழசானால் தடுக்க முடியாமல் கசியவிடும். கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறி உழைத்து, தகடு சிவக்கும் அளவுக்குச் சூடாகும். பிறகு ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்பார்மர் கருகும். ஒரு சின்ன கண்டன்சரை மாற்றாததால் பெரிய செலவு.

அதனால்தான் அனுபவசாலி மெக்கானிக்குகள் முதலில் சூட்டுக்கோலை எடுப்பார்கள், பிறகுதான் பிளக்கைத் தொடுவார்கள். இந்த இரண்டு வகையையும் மாற்றிய பிறகு, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவோடு சீரியஸாக இணைத்துத்தான் மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். ரேடியோ தப்பிக்கும். பல்பு முதலில் பிரகாசமாகி உடனே மங்கினால் நல்ல சகுனம்.

இதை எல்லாம் யூடியூப் பார்த்துத் தானே செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சருக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மின்சார வேலை தெரியாதவர்கள் வெளிப்பெட்டியைத் துடைத்து, பாலிஷ் போட்டு அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உள்வேலையை வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

சிக்கலே அங்கேதான். கண்டன்சரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். ஆனால், வால்வு ரேடியோவில் தொழில் கற்றவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களிடம் கற்றுக்கொண்ட இளைஞர்கள் மிகச் சிலரே. ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் ரேடியோவை அடுத்த வருடம் கொண்டுபோகலாம் என்று தள்ளிப்போடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, இனி என்ன கேட்கும்?

பழைய வால்வு ரேடியோக்கள் பெரும்பாலானவற்றில் எஃப்.எம். கிடையாது. மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மட்டும்தான். இங்கேதான் பிரியர்களுக்கு மனசு வலிக்கிறது. 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-ல் நின்றது. அகில இந்திய வானொலியும் ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டர்களையும் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றையும் நிறுத்திக்கொண்டே வருகிறது. ரேடியோ தயாராகும் நேரத்தில், கேட்பதற்கு நிலையம் இருக்குமா என்பதே கேள்வி.

மிச்சமிருப்பவற்றைக் கேட்கவும் வழி உண்டு. ராத்திரி வரை காத்திருக்க வேண்டும். பகலில் சூரிய ஒளியால் வானத்தின் மேலடுக்கு ஒன்று மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து விழும். பகலில் வெறும் இரைச்சல் கேட்ட இடத்தில் இரவு எட்டு மணிக்கு வேறு மாநிலத்துக் குரல் கேட்கலாம்.

அந்தக் காலத்தில் கூடத்தின் குறுக்கே பீங்கான் குமிழ்களில் கட்டித் தொங்கவிட்ட செம்புக் கம்பி வலை நினைவிருக்கிறதா? அதுதான் ஏரியல். இன்று மொட்டை மாடியில் பத்து மீட்டர் செம்பு ஒயர் கட்டினாலே போதும். இடி மின்னல் நாளில் மட்டும் கழற்றிவிட வேண்டும். வீட்டில் எல்.இ.டி. பல்புகளையும் போன் சார்ஜர்களையும் அணைத்துப் பார்த்தால் 'கரகர' சத்தம் பாதி குறையும். கரன்ட் போனால் தெருவே அமைதியாகி ரேடியோ துல்லியமாகக் கேட்கும். ஆனால், கரன்ட் போனால் வால்வு ரேடியோ எங்கே பாடும்? பேட்டரி ரேடியோ வைத்திருப்பவர்கள் மட்டும் சிரித்துக்கொள்ளலாம்.

நிலையமே கிடைக்காத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. பல ரேடியோக்களின் பின்னால் கிராமபோனை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். டிரான்ஸ்பார்மர் உள்ள 'இ' வகை ரேடியோ என்றால், மெக்கானிக்கிடம் சொல்லிச் சரியான ஒயர் போட்டு அந்தத் துளை வழியாக போனை இணைக்கலாம். குடலை உருவ வேண்டியதில்லை. போனில் இருக்கும் பழைய பாட்டு, வால்வு வழியாக, பெரிய காகித ஸ்பீக்கரில், அந்த மரப்பெட்டிக்கே உரிய கனத்தோடு ஒலிக்கும். 'யு' வகையில் இதைச் செய்தால் போன் மட்டுமல்ல, போனைப் பிடித்திருக்கும் கையும் ஆபத்தில்.

பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன்...

பரணில் இருந்து இறங்கும் ரேடியோக்கள் எல்லாமே பெரிய விலைக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். அன்று லட்சக்கணக்கில் விற்ற மாடல்களுக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. ஆனால், பழைய இரும்புக் கடை எடைக்கு எடுத்துக்கொள்ளும் விலையில், உள்ளே இருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மரின் செம்புக்குக்கூடக் கணக்குச் சரியாக வராது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அதன் மதிப்பே வேறு. தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்த குமிழ் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

எனவே, பேரன் செய்ய வேண்டிய முதல் வேலை பிளக்கைத் தேடுவதல்ல. ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம்: "தாத்தா இதை எப்போ வாங்கினார்? முதல் நாள் இதுல என்ன கேட்டீங்க?"

ரேடியோவை மெக்கானிக் சரிசெய்ய ஒரு மாதம் ஆகலாம். பாட்டியோ இன்றே பேசத் தொடங்கிவிடுவார்.